ஹாலில் மாட்டிய கேமரா

போன வருஷம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் குலை வெட்டும்போது மயங்கி விழுந்தேன். தெற்கே ஜொகூரில் வேலை பார்க்கும் மகன் பதறி ஓடி வந்தான். திரும்பிப் போகுமுன், வடக்கே மெர்போக்கில் நான் தனியாக இருக்கும் வீட்டின் ஹாலில் ஒரு கேமராவை மாட்டினான். அவன் கைப்பேசியில் என்னைப் பார்க்கலாம், அதன் வழியாகப் பேசவும் கேட்கவும் செய்யலாம்.

"இனிமே எனக்குக் கவலை இல்லப்பா," என்றான். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் காட்டுவது?

அவன் வயதுக்காரர்கள் தாங்கள் சாப்பிடுவதைக்கூட ஊருக்கே காட்டுகிறார்கள். எனக்கோ சட்டையில்லாமல் ஹாலைக் கடக்கவே கூச்சம். களைப்பில் சாய்ந்து உட்கார்ந்தால், "நெஞ்சு வலிக்குதாப்பா?" என்று சுவரிலிருந்து குரல் வரும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இறந்துபோன என் மனைவியின் படமும் அதே ஹாலில்தான் இருந்தது. சாயங்காலம் கோப்பி கலக்கி அவள் முன் ஒரு குவளை வைத்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்வது என் பழக்கம். அவள் உயிரோடு இருந்தபோது நான் இவ்வளவு பேசியதில்லை. ஒரு நாள் காட்டில் வேலை வாங்கும் மண்டோரைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தேன்.

"யார்கிட்டப்பா பேசுறீங்க? தனியாதானே இருக்கீங்க?"

"பாட்டுப் பாடினேன்."

"நீங்களா?" சிரித்தான். பிறகு மெதுவாக, "டாக்டரைப் பார்ப்போமாப்பா?" என்றான்.

அதன்பின் அவளிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. கோப்பியை வைத்துவிட்டுச் சும்மா நிற்பேன். சொல்லாத பேச்சு உடம்பிலேயே தங்கி, குலை வெட்டுவதைவிட அதிகம் களைக்க வைத்தது. கடைசியில் படத்தைக் கழற்றிக் குசினியில் அடுப்புக்கு எதிரே மாட்டினேன்.

குழம்பு கொடுக்க வந்த பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டார். "ஏண்ணே, அண்ணி உசிரோட இருந்தப்பவும் அடுப்படியிலதான் நின்னுச்சு. இப்பவுமா?"

குழம்பை வாங்கி அடுப்பின் மேல் வைத்தேன்.

அன்று சாயங்காலம் மகன் கேமராவில் கூப்பிட்டான். "அம்மா எங்கப்பா?"

"குசினியில."

அவன், "அங்க வைஃபை எட்டுமா? இன்னொரு கேமரா வாங்கி அனுப்புறேன். அம்மாவும் தெரிவாங்க," என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

"வேணாம்யா."

"ஏம்பா?"

கேமராவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னேன். "உங்கம்மாகிட்டப் பேசுவேன். அத நீ கேக்க வேணாம்."

அவன் காதில் விழுந்ததா, லைன் போய்விட்டதா, தெரியவில்லை. நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.