ரப்பர் பந்தின் வளையங்கள்

என் படிப்பு மொத்தம் இரண்டு வருஷம். அதற்குப் பிறகு கிள்ளானில் மூட்டை தூக்கினேன், பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையில் மண் மிதித்தேன், எந்த வேலையிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கவில்லை. படிப்பு ஏன் பாதியில் நின்றது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம் ஒரு பந்து. யாரும் நம்புவதில்லை.

காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தின் கடைசி அறைதான் பள்ளிக்கூடம். பதினான்கு பிள்ளைகளுக்கு ஆறு சிலேட்டு. மீதிப் பேர் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவோம். வாத்தியாருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். காலையில் ரப்பர்ப் பால் கொட்டகையில் நிறுவைக் கணக்கு எழுதிவிட்டுப் பத்து மணிக்குத்தான் எங்களிடம் வருவார். அவருக்குத் தெரிந்ததை எல்லாம் மூன்று மாதத்தில் எங்களுக்குச் சொல்லி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கே தெரியாததைக் கேட்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் எனக்குப் பிடித்தது அப்போதுதான்.

பந்து செய்யும் யோசனை எங்களுடையது. மரத்தில் பால் வெட்டிய கோட்டில் மறுநாள் காலை மெல்லிய நாடாபோல ரப்பர் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டுப்பால் என்போம். பெண்கள் அதை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கொட்டகையில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு துண்டுகூட எங்களுடையது அல்ல, தோட்டத்துடையது. பள்ளிக்கு முன் அம்மாவுக்கு உதவியாக நானும் உரிப்பேன். பையில் நாலு இழை போனால் என் இடுப்பில் ஒரு இழை போகும். அம்மாவுக்குத் தெரியாது. மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான். அவரவர் சேர்த்ததை முறைவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துச் சுற்றினோம். ஒரு மாதத்தில் பந்து சிறிய இளநீர் அளவுக்கு வந்தது.

வாத்தியார் அதைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். வாங்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். உத்தரத்து உயரத்திலிருந்து போடச் சொன்னார். அது எழும்பிய உயரத்தைச் சுவரில் கரியால் கோடு போட்டார்.

“கெணத்துத் தண்ணில கொஞ்ச நேரம் போட்டு எடுத்தா கோடு மேல போகுமா, கீழ போகுமா?”

“மேல!” என்றோம் பாதிப் பேர்.

கீழே போனது. வெயிலில் வைத்துப் போட்டோம். பழைய கோட்டையும் தாண்டிப் போனது. ஏன் என்று கேட்டோம்.

“எனக்கும் தெரியலடா. எழுதி வைப்போம்” என்று சொல்லிக் கரும்பலகையின் மூலையில் அந்தக் கேள்வியை எழுதினார். அங்கே ஏற்கெனவே ஐந்தாறு கேள்விகள் இருந்தன. யாருக்காவது விடை கிடைத்தால் கையைத் தூக்க வேண்டும். கையைத் தூக்கினால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். அதைப் பார்ப்பதற்காகவே மரத்தையும் எறும்பையும் உற்றுப் பார்த்துக்கொண்டு திரிந்தோம்.

அந்த வாரம் ஒட்டுப்பால் நிறுவை குறைந்திருக்கிறதென்று, வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்கு மேலிடத்தில் திட்டு. ஒரு பகல் அவர் லயத்தோரம் வந்தபோது பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டிருக்கிறது. கையில் பாராங் கத்தியோடு வாசலில் வந்து நின்றார்.

“என்னா வாத்தியாரே, தோட்டத்துப் பாலுல பந்தா?”

“பசங்க வெளையாட்டு அண்ணே. கீழ விழுந்தத பொறுக்கினது.”

“இம்புட்டுமா கீழ விழுந்துச்சு? உள்ள கல்லு வெச்சிருப்பானுங்க, நிறுக்கிற எடத்துல ஏமாத்துறதுக்கு. நான் பாக்காத கல்லா?”

பந்தைத் தரையில் வைத்து ஒரே போடு. இரண்டாகப் பிளந்தது.

கல் இல்லை. உள்ளே வளையம் வளையமாக இருந்தது. வெளியே வெளுப்பு, அடுத்தது மங்கல் மஞ்சள், நடுவில் மெல்லிய கறுப்பு, அதை ஒட்டி அகலமாக ஒரு செம்மண் நிறம். ஒரு மாதம் கையில் வைத்து விளையாடியும் இப்படி இருக்குமென்று எங்களுக்குத் தெரியாது. அத்தனை பேரும் குனிந்து பார்த்தோம். வாத்தியாரும் பயத்தை மறந்து குனிந்தார். கங்காணியும் குனிந்தார்.

“கறுப்பு புகைக்கொட்டாய் பக்கத்து மரம் ஐயா! அங்கதான் கரி படியும்!” என்று கத்தினாள் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்.

“அட!” என்றார் கங்காணி. குரல் இறங்கிவிட்டது. “அப்ப இந்தச் செவப்பு எந்தப் பக்கம்?”

அந்த விடை எனக்குத் தெரியும். கையைத் தூக்கினேன்.

“ரோட்டோர நிரை ஐயா. லோரி போறப்ப செம்மண்ணு பறந்து மரத்துல ஒட்டும். எங்கம்மா வெட்டுற மரம்.”

வாத்தியாரின் முகத்தைப் பார்த்தேன். அங்கே சந்தோஷம் இல்லை. அப்போதுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. கங்காணி வேண்டுமென்றே கேட்டாரா, எங்களைப்போல ஆசைப்பட்டுக் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

“அண்ணே, சின்னப் பையன்...” என்றார் வாத்தியார்.

“நீ கணக்க மட்டும் எழுது” என்றார் கங்காணி. இரண்டு பாதிகளையும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து அம்மாவுக்குப் பால் வெட்ட நிரை இல்லை, புல் வெட்டும் வேலை என்று அன்று சாயங்காலம் சொல்லி அனுப்பினார்கள். அதில் கூலி குறைவு. ஒரு ஆள் வெட்டினால் இரண்டு வயிற்றுக்குக் காணாது. அதனால் நானும் போக வேண்டும். இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. அம்மா விறகுக் குச்சியால் நாலு சாத்தினாள். பிறகு உட்கார்ந்து அரிசி பொறுக்கினாள். பொறுக்கி முடித்துவிட்டுக் கேட்டாள்.

“எம் பாலுன்னு எப்பிடிடா கண்டுபுடிச்ச?”

சொன்னேன்.

“ஆறு வருசமா வெட்டுறேன். நான் பாத்ததில்லையே!”

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் அம்மா பாதையை விட்டு ரோட்டுப் பக்கம் திரும்பினாள். தன் நிரையின் முதல் மரத்தில் பட்டையை விரலால் அழுத்தித் தேய்த்தாள். கையிலிருந்த விளக்கை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து விரல் நுனியைப் பார்த்தாள். எனக்கும் காட்டினாள். சிவப்பாக இருந்தது.

“ஆமாடா” என்றாள்.

பெரட்டு மணி அடித்தது. இருவரும் ஓடிப்போய்ப் புல் வெட்டுகிறவர்களின் வரிசையில் நின்றோம்.