பிஸ்டலுக்குள் பிளனல் பஞ்சு

எங்கள் வீட்டுப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருப்பவன் பொலிஸ்காரன். சொந்த ஊர் கிளிநொச்சி. ஒரு பெரிய மனிதரின் மெய்க்காவலுக்காக யாழ்ப்பாணம் வந்தவன். சாதாரண உடுப்பில்தான் வேலைக்குப் போவான். இடுப்பில் கையடக்கமான ஒரு பிஸ்டல் இருக்கும். அது வெளியே தெரியாதபடி சேர்ட்டின் வலப்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தித் தைத்துக் கொடுப்பவள் நான். மானிப்பாயில் முப்பது வருடமாகத் தைக்கிறேன். பிறக்கப் போகும் பிள்ளைகளுக்கு மஞ்சள் பிளனல் துணியில் குட்டிச் சட்டை தைப்பதுதான் முக்கியமான பிழைப்பு.

என் வயதுக்காரருக்குத் துவக்கு புதிதல்ல. ஆனால் நாங்கள் அதன் முன்னால் நின்றவர்கள். அதற்குள் என்ன இருக்கிறதென்று யாரும் எங்களுக்குத் திறந்து காட்டியதில்லை. அதனால் ஞாயிறு காலைகளில் அவன் முற்றத்து மேசையில் பேப்பரை விரித்து அதைக் கழற்றும்போது, அரிசி புடைக்கிற சாட்டில் நானும் அங்கேதான் நிற்பேன்.

“கிட்ட வாங்கோ அக்கா, கடிக்காது” என்று ஒருநாள் அவனே கூப்பிட்டான்.

முதலில் குண்டு ரவைகள் அடைத்த மகசீனைக் கழற்றித் தூரத்துக் கதிரையில் வைப்பான். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே ரவை இல்லையென்று கண்ணாலும் பார்ப்பான், சுண்டுவிரலாலும் தடவிப் பார்ப்பான். பிறகுதான் மேல்பாகம், சுருள்வில், குழல் எல்லாம் தனித்தனியே மேசைக்கு வரும். இவ்வளவுதானா என்று எனக்குப் பெரிய ஏமாற்றம். என் தையல் மெசினுக்குள் இதைவிட அதிகம் இருக்கிறது.

“உதுக்குப் பயந்தே நாங்கள் அவ்வளவு காலம் ஓடினாங்கள்?” என்றேன். அவன் பழைய பனியன் துண்டொன்றை எடுத்துக் குழலைத் துடைக்கத் தொடங்கினான்.

பார்த்துவிட்டுச் சும்மா போகிற பழக்கம் எனக்கு இல்லை. பழைய பனியனால் துடைக்கிறானே என்று, மிருதுவான பிளனல் வெட்டுத்துண்டுகளை ஒரு பை நிறையக் கொடுத்தேன். மெசின் எண்ணெய்ப் போத்தலையும் கொடுத்து, “கஞ்சத்தனம் பாக்காதை தம்பி, நல்லா விடு” என்றேன். அவனும் சொன்னதைக் கேட்கிற பிள்ளைபோல நன்றாகவே விட்டான்.

இரண்டு மாதம் கழித்து முகம் வாடி வந்தான். பயிற்சியில் இரண்டு தடவை பிஸ்டல் சிக்கிவிட்டதாம். சுட்டபின் ரவையின் வெற்றுக் கோது வெளியே விழாமல் இடுக்கில் நின்றுவிட்டது. ஆயுதங்களுக்குப் பொறுப்பானவர், சாமானில் பிழையில்லை, நீ பராமரிக்கிற விதம்தான் பிழை என்று ஏசி அனுப்பியிருக்கிறார். பத்து நாளில் சோதனை. அதிலும் சிக்கினால் மெய்க்காவலிலிருந்து எடுத்துத் தெற்கே எங்காவது மாற்றிவிடுவார்கள். ஊரில் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

“பிள்ளை பிறக்கேக்கை நான் அம்பாந்தோட்டையிலை நிண்டால் என்னக்கா செய்யிறது?”

அந்த ஞாயிறு நான் சுளகை எடுக்கவேயில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். மேல்பாகம் ஓடுகிற ஒடுங்கிய பள்ளத்தை, அந்தத் தவாளிப்பை, ஊசி முனையால் கிண்டினேன். கறுப்பாக, களிமாதிரி ஏதோ வந்தது. பேப்பரில் தேய்த்துப் பிரித்தேன். நடுவில் மஞ்சள்.

அந்த மஞ்சளை எனக்குத் தெரியாதா? மெசினில் துணியைத் தள்ளுகிற பற்களுக்குக் கீழேயும் இதுதான் சேரும். பஞ்சும் எண்ணெயும் கலந்து இறுகினால் எந்த மெசினும் நின்றுவிடும். தையல் பழக வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. ஊருக்குத்தான் உபதேசம்! சொல்லாமல் மெல்லத் துடைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

“தம்பி, உது என்ரை பிளனல். நான்தான் உன்ரை துவக்கைக் கெடுத்தனான்.”

அவன் என்னையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப நீங்களே திருத்தித் தாங்கோ” என்றான்.

என் கணவரின் பழைய வேட்டி ஒன்று இருந்தது. தோய்த்துத் தோய்த்துப் பஞ்சு எல்லாம் போன துணி. கரையை வெட்டி எறிந்துவிட்டுத் துண்டு துண்டாகக் கிழித்தேன். மெசின் தூசு தட்டுகிற சின்னத் தூரிகையையும் கொண்டுவந்தேன். அவன் இடுக்குகளைத் தட்டினான், குழலைத் துடைத்தான். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை நான் விடவில்லை. பிறகு ஊசி முனையில் எடுத்து ஒவ்வொரு தவாளிப்புக்கும் ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். பூட்டி இழுத்துவிட்டான். முன்பு சோம்பலாகப் போனது, இப்போது சடக்கென்று ஓடியது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

சோதனை நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு சட்டைக்குக் கையை உட்புறம் வெளியாக வைத்துத் தைத்துப் பிரித்தேன். சிக்கக்கூடாது, சிக்கக்கூடாது என்று அம்மாளாச்சியிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் படலையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். “அக்கா, ஒண்டும் சிக்கேல்லை! எல்லாம் வெடிச்சுது!”

நான் கைதட்டினேன். இந்த வயதில் குதித்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவன் சுருட்டிய கடதாசி ஒன்றை வெட்டுமேசையில் வைத்தான்.

“நான் குறிபாத்துச் சுட்ட கடதாசி. பெரிசு அக்கா, உங்களுக்குச் சட்டை அளவு வெட்ட உதவும் எண்டு கொண்டந்தனான்.”

விரித்தேன். கறுப்பாக ஒரு மனிதனின் மேலுடம்பு. நெஞ்சில் நெருக்கமாக ஓட்டைகள். முப்பது வருடப் பழக்கம், கை தானாகவே அளவுநாடாவை எடுத்துவிட்டது. தோளுக்குத் தோள் பதினேழரை. தோளிலிருந்து இடுப்புவரை பதினெட்டு. அந்த இரண்டு இலக்கங்களையும் நான் என் கொப்பியில் எழுதியிருக்கிறேன். பார்க்கத் தேவையில்லை, எனக்கு மனப்பாடம். எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தவனின் அளவு அது.

கடதாசியைத் திரும்பச் சுருட்டி அவன் கையில் கொடுத்தேன்.

“வேண்டாம் தம்பி.”

“ஏனக்கா?”

“ஓட்டைக் கடதாசியிலை வெட்டினால் அளவு பிழைக்கும்” என்றேன்.

பொய். அளவு சரியாகத்தான் இருந்தது.