காது யாருடையது

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அந்த வீட்டுக் கூடத்தில் ஏழெட்டு ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தெரியாதவர்கள் எட்டிப் பார்த்தால் யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். பாட்டுக் கேட்கிறார்களாம். உண்மையில் பாட்டை இல்லை, பாட்டைத் தரும் பெட்டியைக் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் மின்பிரிவு மேற்பார்வையாளர். மிச்ச நேரமெல்லாம் ஆம்ப்ளிஃபயர் கட்டுவார். எந்த ஆம்ப்ளிஃபயராக இருந்தாலும் அதன் குறையை நாலே வரியில் புட்டுப் புட்டு வைப்பதால் அவர்களுடைய ஆடியோ சங்கத்தில் அவருக்கு ‘காது’ என்றே பெயர். சங்கத்தின் மாத இதழில் அவர் எழுதும் பக்கத்தைப் படிக்காமல் அவர்களில் யாரும் ஒரு முழம் ஒயர்கூட வாங்கமாட்டார்கள்.

அந்தக் காது அவருடையது இல்லை. அது சமையலறையில் இருந்தது.

அவர் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தாள். முகம் தெரியாதவர்களின் அழுகையையும் அதட்டலையும் வாங்கி அந்தந்த வார்டுக்கு அனுப்புகிற வேலை. கூப்பிடுவது எந்த டாக்டர் என்று, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பு விடும் மூச்சிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கல்யாணமான புதிதில் அவர் கட்டிய முதல் ஆம்ப்ளிஃபயரைக் கேட்டுவிட்டு, “என்னங்க, இந்தம்மா ‘ச’ வர்ற இடத்துல எல்லாம் பல்லு சந்துல காத்து விடுறாங்க” என்றாள். அவர் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சத்தம் போடாமல் ஒரு கெபாசிட்டரை மாற்றினார். பாடகியின் பல் சரியாகிவிட்டது. அடுத்த மாத இதழில், ‘பல்லிடுக்கில் காற்று விடும் உச்சஸ்தாயி’ என்று ஒரு வரி வந்தது. சங்கமே அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனது.

அன்று பிடித்த வழக்கம். எந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தாலும் அதைப் பாடவிட்டு, நோட்டும் கையுமாகச் சமையலறை நிலையில் வந்து சாய்ந்துகொள்வார். “சும்மாதான் கேக்குறேன். எப்படி இருக்கு?” அவள் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள். கண்ணாடிக் குழல்கள் வைத்த வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால், “வெந்நீர்ல குளிச்ச மாதிரி இதமா இருக்கு. ஆனா டிரம்ஸ் அடிக்கிறவர் வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்திருக்கார்.” டிரான்சிஸ்டர் வைத்தது என்றால், “எங்க ஆஸ்பத்திரி வராந்தாதான். அவ்வளவு சுத்தம். உக்காரத்தான் மனசு வரல.” எழுதிக்கொண்டு போய்விடுவார். இதழ் வந்ததும் அவள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவாள். வெந்நீர் இருக்கும், வராந்தா இருக்கும். ‘என் மனைவி சொன்னாள்’ என்று மூன்று சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று கடைசி வரி வரை பார்ப்பாள். இருபது வருடமாகப் பார்த்தாள். வயிறு எரியத்தான் செய்தது. அதைக் கேட்டா வாங்குவார்கள் என்று பேசாமல் இருந்தாள்.

அவர் நாலு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு சொந்தமாக ஒன்றை வடிவமைத்தார். அதைக் கேட்க, நகரத்திலேயே பெரிய ஆடியோ கடையின் முதலாளி ஒரு ஞாயிறு வருவதாகச் சொன்னார். கடைக்காரரின் வால்வுப் பெட்டி, எல்லார் வீட்டிலும் இருக்கும் டிரான்சிஸ்டர் பெட்டி, இவருடையது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்பது, பிடித்தால் இவருடையதைக் கடையில் வைப்பது என்று பேச்சு. முதல் இரண்டுக்கும் சனிக்கிழமையே சமையலறையில் அபிப்பிராயம் வாங்கியாகிவிட்டது. தன்னுடையதைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை. ஞாயிறு காலை, அதற்கென்றே புதிதாக ஒரு ஜோடி ஒயரைக் அவசர அவசரமாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்த அவசரத்தில் இடது ஸ்பீக்கருக்குப் போகும் பிளக்குகளின் உள்ளே கம்பிகளை மாற்றி வைத்துவிட்டார். வெளியே பார்த்தால் சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில், எல்லாம் கச்சிதம்.

மூன்றாவது பெட்டி பாடத் தொடங்கியதுமே சமையலறையில் அவள் கை நின்றது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்க வேண்டிய குரல் சுவரெல்லாம் கரைந்து கிடந்தது. அடித்தொண்டையே இல்லை. டீத் தட்டோடு கூடத்துக்கு வந்து, “என்னங்க, பாடுறவங்க நிக்க இடமில்லாம கூடம் பூரா அலையுறாங்க. ஒரு பக்கம் ஒயர் மாறியிருக்கா பாருங்க” என்றாள்.

அவருக்கு முகம் சிவந்தது. சிரித்துச் சமாளித்தார். “இவளுக்கு மிக்ஸி சத்தமும் பாட்டும் ஒண்ணுதான் சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். டம்ளர்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, அவர் கண்ணை மூடியபடி கடைக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது: “கவனிச்சீங்களா? பாடுறவங்க ஒரே இடத்துல கட்டிப்போட்ட மாதிரி நிக்கல. கூடம் பூரா நடமாடுறாங்க.”

“ஆமாங்க!” என்றார் கடைக்காரர். சங்கத்தார் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

கடைக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். “எங்க ஒயர்ல மாட்டிக் கேட்டேன் சார். நல்ல பெட்டிதான். ஆனா உங்க வீட்டுல கேட்ட அந்த நடமாட்டம் வரவே இல்ல.” கடை அறை சரியில்லை என்றார் இவர். கடைக்காரர் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஒருவர், பிறகு யாரும் இல்லை. அவர் மட்டும் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு. அவளுக்கு விடுமுறையான ஒரு நாளில், அவர் வேலைக்குப் போனதும், இடது ஸ்பீக்கரின் பின்னால் குனிந்து இரண்டு பிளக்கையும் இடம் மாற்றி மாட்டினாள். பாட்டைப் போட்டாள். பாடகி நடுக்கூடத்தில் வந்து நின்றாள். அடுத்த அடிக்கு முன் இழுத்த மூச்சுகூடக் கேட்டது. வெந்நீரின் இதமும் இருந்தது, வராந்தாவின் சுத்தமும் இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் கேட்ட எந்தப் பெட்டியும் இதன் கிட்டே வராது. இந்த மனுஷனா இதைச் செய்தார் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் அவர் வந்து போட்டார். பத்து நொடிகூட ஆகவில்லை, எழுந்துவிட்டார்.

“யாரு இதைத் தொட்டது?”

“நான்தாங்க. உள்ள எங்கயோ மாறியிருக்கு. இப்பதான் சரியா இருக்கு. ஒரு பாட்டு முழுசாக் கேளுங்களேன்.”

“கறுப்புல சிவப்பை மாட்டி வெச்சிருக்கே. கண்ணு தெரியல? கூடமே சுருங்கிப்போச்சு!” குனிந்து, நிறம் பார்த்துப் பழையபடி மாட்டினார். குரல் மறுபடி சுவர்களில் கரைந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சற்றுப் பொறுத்து நோட்டை எடுத்தார்.

“இப்பச் சொல்லு. எப்படி இருக்கு?”

இந்தப் பெட்டியைப் பற்றி அவர் அவளிடம் கேட்பது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சுகிற முகம். உண்மையை இப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். இன்னொரு தடவை சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

“நல்லா இருக்குங்க.”

அடுத்த மாத இதழில் அவர் பக்கத்தின் கடைசியில் இப்படி இருந்தது: ‘வல்லுநர்கள் என்ன சொன்னாலும் சரி, இந்த ஆம்ப்ளிஃபயரை என் மனைவியும் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னாள்.’ அவர் அதை விரலால் தொட்டுக் காட்டினார். அவள் படித்தாள். இருபது வருடத்தில் அவர் பெட்டிகளைப் பற்றி அவள் சொன்ன ஒரே பொய் அது. அதை மட்டும்தான் அவள் சொன்னதாகப் போட்டிருந்தார்.