வெள்ளோட்டத்துக்கு ஒரு ரசீது

பழைய கோப்பை உதறியபோது ஒரு வாடகை ரசீது கீழே விழுந்தது. அதில் தேதி இல்லை, மாதம் இல்லை, தொகையும் இல்லை. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு மட்டும் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் நான்கெழுத்தில் ஒரு பெயர். மூன்றாவது எழுத்து மற்றவற்றைவிடப் பெரிது. நான்காவது, ஸ்டாம்பில் இடம் போதாமல் கீழே இறங்கிவிட்டது. எதற்கும் செல்லாத தாள். நாளைக் காலை பத்தரைக்குச் செங்கல்பட்டில் ஆடிட்டரைப் பார்க்க வேண்டும். அவர் கொண்டுவரச் சொன்ன ஒன்பது தாள்களை மூன்றாவது தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன், இதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

புதுப்பட்டினத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த பதினோரு வருஷமும் நான் குடியிருந்த மாடி வீட்டின் சொந்தக்கார அம்மாள் போட்ட கையெழுத்து அது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் நாஸ்தா கடை வைத்திருந்தார். கூலி வேலையில் தொடங்கி, கடை போட்டு, செங்கல் செங்கலாகச் சேர்த்துக் கட்டிய வீடு. வாடகைக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் பன்னிரண்டு மாத ரசீதையும் பிப்ரவரியில் சம்பளப் பிரிவில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மிச்சமிருக்கும் வரி மொத்தத்தையும் அந்த மாதச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். மாதாமாதம் ரசீது வாங்குகிறவர் யாரும் இல்லை. வருஷக் கடைசியில் ஒரே மூச்சில் பன்னிரண்டிலும் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கம். அந்த அம்மாள் நாற்பது வயதுக்குமேல் மாலை வகுப்புக்குப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றவர். ஒவ்வொரு வருஷமும் என்னிடம் பதின்மூன்று ரசீது கேட்பார். "ஒண்ணு வெள்ளோட்டத்துக்கு சாரு. அதுலயும் ஸ்டாம்பு ஒட்டிக் குடு. வெறுந்தாள்ல போட்டா கை பயப்படாது, ஸ்டாம்பப் பாத்தாதான் பயப்படும்." ஒரு ஸ்டாம்பு வீணாகிறதே என்று எனக்கு வருஷாவருஷம் வருத்தம்.

ஒரு வருஷம் சம்பளப் பிரிவுக்குப் புதிய எழுத்தர் ஒருவர் வந்தார். என் ரசீதுகளைச் சீட்டுக்கட்டுபோல மேசையில் பரப்பினார். "இன்னா சார் இது, பன்னெண்டு மாசத்துக்குப் பன்னெண்டு வூட்டுக்காரம்மாவா?" பார்த்தால் அப்படித்தான் இருந்தது. எங்கள் பள்ளியிலேயே தன் ரசீதில் தானே கையெழுத்திட்டுக்கொள்ளும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய பன்னிரண்டும் அச்சடித்ததுபோல இருக்கும். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. உண்மையாக வாங்கிய என்னுடையவைதான் பொய்போலக் கிடந்தன. எழுத்தர் வீட்டுக்காரரை நேரில் அழைத்து வரச் சொல்லிவிட்டார். மார்ச்சில் மகளின் விடுதிக் கட்டணம் கட்டியாக வேண்டும். சம்பளத்தில் கைவைத்தால் எங்கே போவேன்? இரண்டு நாள் தூக்கமில்லை. அம்மாளிடம் சொன்னதும் கடையை மருமகளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். புதுத் தாள்களோடு திருக்கழுக்குன்றம் வழியாகச் சம்பளப் பிரிவுக்குப் பேருந்தில் போனோம். வழியெல்லாம் நான் ஸ்டாம்புகளை எண்ணிக்கொண்டே வந்தேன். "பயந்துகினே வராதே சாரு. நீ இன்னா திருடிட்டா வந்துகினு கீற?" என்றார்.

எழுத்தர் கெட்டவர் அல்ல. சுலபமான வழியைத்தான் சொன்னார். "எதுக்கும்மா கஷ்டம்? மை டப்பா இங்கயே கீது. பெருவிரல வெச்சிட்டுப் போ, முடிஞ்சிது."

"கைநாட்டா? அத வெச்சிகினு இருந்தவதான் நானு. வுட்டுட்டேன். திரும்ப வெக்க மாட்டேன்."

"அப்போ எல்லாத்துலயும் ஒரே மாதிரி போடணும்."

"நான் இன்னா அச்சாபீசா? எழுத்து மாறினா இன்னா, வூடு மாறிச்சா? வந்து பாரு நைனா. அதே வூடு, அதே மாடி. சாரோட வேட்டி கொடில காஞ்சிகினு கீது."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரலை வைத்துவிடுங்களேன் அம்மா என்று தொண்டைவரை வந்தது. விடுதிக் கட்டணம் அப்படிப் பேசச் சொன்னது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முதலில் வெள்ளோட்டத் தாளில் போட்டார். அதைப் பார்த்து, "ஊஹூம்" என்று என்னிடம் தள்ளினார். பிறகு ஏப்ரலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டைக் கடித்து, ஒவ்வொரு ரசீதுக்கும் மூச்சு வாங்கினார். நான்காவதிலேயே எழுத்தர், "போதும்மா, நம்பறேன், கடையப் பாக்கப் போ" என்றார். "இரு. நடுவுல வுட்டா கை கோச்சிக்கும்" என்றவர் பன்னிரண்டையும் முடித்துத்தான் எழுந்தார். இவையும் ஒன்றுபோல ஒன்று இல்லை. எழுத்தர் எல்லாவற்றிலும் 'என் முன்னிலையில் இடப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தினார். விடுதிக் கட்டணம் தப்பியது.

இப்போது என் கை நடுங்குகிறது. வரிச்சலுகைக்காக ஐந்து வருஷ வைப்பு ஒன்று மார்ச் முடிவதற்குள் போட வேண்டும். ஐந்து வருஷம் நான் இருப்பேனா என்பது தனிக் கவலை. வங்கியில் என் படிவத்தைத் திருப்பிவிட்டார்கள், கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். ஆயிரக்கணக்கான மதிப்பெண் பட்டியலில் போட்ட கையெழுத்து! மகள் வயதிருக்கும் ஆடிட்டர் தொலைபேசியில் அன்பாகத்தான் சொன்னார். "எங்க ஆபீஸ்லயே போட்டுப் பாருங்க சார். வரலன்னா கைநாட்டு வெச்சிடலாம், நாங்களே ரெண்டு பேர் சாட்சி போடறோம்." படூரில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். அவளும், "வெச்சிட்டு வாங்களேன்பா, இதுல என்ன இருக்கு?" என்கிறாள். அன்று யாருடைய கட்டணத்துக்காக உட்கார்ந்திருந்தேனோ அவள்தான். முந்தாநாளிலிருந்து செய்தித்தாள் ஓரத்தில் போட்டுப் பார்க்கிறேன், அங்கே நன்றாகவே வருகிறது. வெறுந்தாளில் கை பயப்படுவதில்லை.

சற்றுமுன் வங்கிப் படிவத்தை இன்னொரு பிரதி எடுத்துத் தரச் சொன்னேன். "எதுக்குப்பா ரெண்டு?" என்றாள். ஒன்று கெட்டுப்போனால் என்று மட்டும் சொன்னேன். எல்லாவற்றையும் பைக்குள் வைத்துவிட்டு எண்ணினேன். ஆடிட்டர் கேட்டது ஒன்பது. பையில் பதினொன்று இருக்கிறது. அந்தச் செல்லாத ரசீதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன்.