படத்தில் விட்டுப்போன சட்டி

அறுபதுகளில் ஒரு வெயில் காலம். உக்குவளையில் எங்கள் வீட்டுக்கு வரும் குறுகலான ஒழுங்கையைப் படமாக வரைய உட்கார்ந்தேன். இரு பக்கமும் கமுகும் கொக்கோவும். படத்தின் நடுவில் எதிர்வீட்டு அக்காவின் பலாமரம். மாத முடிவில் கண்டியில் ஓவியக் கண்காட்சி. அங்கே என் படம் தொங்காவிட்டால், வேலையில்லாமல் சாயம் பூசுகிறவன் என்ற பெயர்தான் எனக்கு மிஞ்சும்.

அந்த வருடம் பலா அடிமரத்திலிருந்தே காய்த்திருந்தது. ஒரு காய் விடாமல் வரைந்தேன். கண்ணூறு படாமலிருக்க அக்கா கிளையில் கட்டியிருந்த கரிச்சட்டியை மட்டும் விட்டுவிட்டேன். சுண்ணாம்பால் முழிக்கண்ணும் பல்லும் தீட்டிய அந்த அவலட்சணத்துக்கு என் படத்தில் இடமில்லை.

மறுநாள் காலையில் மரத்தடியில் இரண்டு காய்கள் விழுந்து கிடந்தன. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து என் படத்தை எட்டிப் பார்த்தார்.

"காயெல்லாம் போட்டுட்டு சட்டிய மட்டும் ஏன் தம்பி விட்டீங்க? இத கண்டிக்கு வேற கொண்டு போறீங்களாம். அங்க உள்ளவங்க கண்ணெல்லாம் என் மரத்துலதானே விழும்!"

"குரங்கு தள்ளிவிட்டதுக்கு நான் என்னக்கா செய்றது?"

"குரங்கு எப்பவும்தான் இருக்கு. நீங்க இப்பதானே வந்து உக்காந்தீங்க?"

இப்படியொரு விமர்சனம் எந்தக் கலை விமர்சகனுக்கும் தோன்றியிருக்காது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் விடவில்லை. கமுகுக்குக் கமுகு கொடி கட்டி, வீட்டிலிருந்த சேலைகளையெல்லாம் நனைத்து எனக்கு நேரே காயப்போட்டார். காய்ந்த சேலையை மறுபடி நனைத்ததையும் என் கண்ணால் பார்த்தேன். ஒழுங்கையும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் சட்டியை வரைந்தேன். சும்மா வரையவில்லை. அக்காவின் உருண்டைக் கண், அகன்ற மூக்கு, முன்பல் எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். கண்டிக்காரர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று எனக்குள் ஒரே சிரிப்பு.

அக்கா வந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி என் மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்க தங்கச்சி! யாரு கண்ணு பட்டிச்சின்னு தேடிக்கிட்டு இருந்தேன். இவரே தன் மூஞ்சிய அப்படியே போட்டிருக்காரு!"

மனைவி சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆமாக்கா. மீசைதான் இல்ல."

அக்கா திருப்தியாகச் சேலைகளை எடுக்கப் போனார். அது நான் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. சொன்னால், பிறகு யார் என்று கேட்பாரே.