சித்தப்பா குடித்த என் பூசணிக்காய்கள்

என் மகன் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். வந்த மறு மாசமே சோற்றை விட்டுவிட்டான். காலையில் வெண்பூசணிச் சாறு, மதியம் கேரட் சாறு, ராத்திரிக்கு ஏதோ பச்சையாக ஒன்று. மிக்சி ஓய்வதே இல்லை. போன வாரம் ஒரு டம்ளரை என் முன்னால் நீட்டி, "நீயும் குடிச்சிப் பாருப்பா, உடம்பெல்லாம் கிளீன் ஆயிடும். இதெல்லாம் உனக்குத் தெரியாது" என்கிறான். எனக்குத் தெரியாதாம்! மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒத்தை ஆளாக நின்று கிணறு வெட்டினேன், போர் போட்டேன், டிராக்டர் வாங்கினேன், வடக்கனந்தலில் மாடி வீடு கட்டினேன். பூசணிச் சாற்றால் இந்த ஊரிலேயே முதன்முதலில் நட்டப்பட்ட ஆள் யார் என்று கேட்டால், அதுவும் நான்தான்.

அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும். எங்களுக்கு இருந்தது துண்டு நிலம், ரெண்டு மாடு, ஒரு கொட்டாய். அந்த வருசம் வைகாசி மழைக்கு எருக்குழி ஓரமாக வெண்பூசணி விதை ஊன்றினேன். யாரும் சொல்லித் தரவில்லை. தண்ணீர் ஊற்றியது நான். கொடியைத் தூக்கி மாட்டுக்கொட்டாய்க் கூரையில் ஏற்றியது நான். பிஞ்சு அழுகாமல் அடியில் வைக்கோல் வைத்ததும் நான். ஆவணி வந்தபோது கூரை தெரியவில்லை, சாம்பல் பூத்த காய்கள்தான் தெரிந்தன. ஆயுத பூஜைக்குக் கள்ளக்குறிச்சியில் ஒவ்வொரு கடை வாசலிலும், ஒவ்வொரு லாரி முன்னாலும் திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைப்பார்கள். அன்றைக்குக் கொண்டுபோய் இறக்கினால் கேட்ட விலை கிடைக்கும். இது அந்த வயசிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. வியாபார மூளை படிப்பில் வருவதில்லை. வரும் காசில் முழுக்கால் சட்டை தைத்துக்கொள்ளப் போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டேன்.

இந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவுக்கு உடம்பு கெட்டது. அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். வாரத்தில் பாதி நாள் வேலை இருக்கிறதென்று கல்வராயன் மலைக்குப் போய்விடுவார். ஒரு நாள் அவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து கொட்டாயில் போட்டார்கள். வயிற்றில் புண் என்று என்னிடம் சொன்னார்கள். மலையில் காய்ச்சுகிற சாராயம்தான் அந்தப் புண் என்று பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். என் முன்னால் மட்டும் அந்தச் சொல்லை யாரும் எடுக்கமாட்டார்கள். நாட்டு வைத்தியர் வந்து நாடி பார்த்தார். சோறு கூடாது, காரம் கூடாது, காலையும் மாலையும் வெண்பூசணிச் சாறு, நடுவில் மோர், இளநீர். சொல்லிவிட்டு வெளியே வந்து அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கொடிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"அது என் காயி" என்றேன்.

"உன் காயா? கூரை யாருதுடா?" என்றார் அப்பா.

"கொடி என்னுது."

"சரி, கொடிய நீயே வெச்சிக்கோ."

அதைவிடப் பெரிய அநியாயம் மறுநாள் காலையில் நடந்தது. முழுப் பூசணிக்காயைப் பொம்பளைகள் முதலில் வெட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆம்பளை ஒரு வெட்டுப் போட்டுக் கொடுத்தால்தான் அம்மா அதைத் தொடுவாள். அப்பாவோ விடியும் முன்பே மடை திருப்பப் போய்விடுவார். மிச்சம் இருக்கிற ஆம்பளை நான். ஆக, நான் வளர்த்த காயை நானே கூரையேறி அறுத்து, நானே வெட்டியும் கொடுக்க வேண்டும்! பனங்கட்டையைப் பிளக்கிற கை சித்தப்பாவுக்கு, அவரே வெட்டிக்கொள்ளட்டுமே என்றேன். "அவர் கையில கத்தி குடுக்காத" என்றாள் அம்மா. இப்படிச் செல்லம் கொடுத்தால் யார்தான் கட்டிலைவிட்டு எழுந்திருப்பார்கள்?

அம்மா காயைத் துருவி, துணியில் பிழிந்து, டம்ளரில் ஊற்றித் தருவாள். சித்தப்பா ரெண்டு கையால் பிடித்தும் டம்ளர் பல்லில் கடகடவென்று இடிக்கும். பாதிச் சாறு நெஞ்சில் வழியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கீழ ஊத்தறதுக்கா நான் தண்ணி ஊத்தி வளத்தேன்?"

"கோச்சிக்காத மொதலாளி" என்பார் சித்தப்பா. "நான் இன்னா ஆசைக்கா குடிக்கிறேன்? உன் காயிதான் என்னக் குடிச்சிகினு கீது."

சாயங்காலமானால் அவருடைய மலைக் கூட்டாளிகள் ரெண்டு பேர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விசில் அடிப்பார்கள். "இன்னா மாமா, பூசணித் தண்ணி குடிச்சிகினு புதுப்பொண்ணாட்டம் வூட்டுலயே குந்திகினு கீற?" என்பார்கள். யாரிடமும் குரல் உயர்த்தாத அப்பா, மாட்டை ஓட்டும் கழியை எடுத்துக்கொண்டு வேலி வரைக்கும் போவார். எனக்கு விளங்கவே இல்லை. கூப்பிடுகிற ஆளோடு அனுப்பிவிட்டால் என் காய் தப்பிக்குமே! இதை அம்மாவிடம் வாய்விட்டே சொன்னேன்.

"சித்தப்பா போவட்டுமே. என் காயாவது மிஞ்சும்."

அதுவரை என்னைத் தொட்டு அடித்திராத அம்மா பளாரென்று விட்டாள். நியாயம் கேட்டவனுக்கு அறை. சாறு குடிக்கிறவருக்கு உபசாரம்.

ஆயுத பூஜை வந்தபோது கூரையில் ஒரே ஒரு காய்தான் இருந்தது. அதையாவது விற்றே தீருவேன் என்று தரையில் புரண்டேன். அப்பாவுக்கு ஏர் கலப்பையைக் கழுவிப் பூஜை போடும் வேலை இருந்தது. சித்தப்பா எழுந்து வந்தார். தாடியை எடுத்திருந்தார். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் தெளிந்திருந்தது.

"நான் இட்டுகினு போறேன் அண்ணா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கலப்பையைத் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு, "பையன் கூடவே போ. பையன் கூடவே வா" என்றார். பெத்த பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்குக் குறைதான்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறங்கினோம். காய் சித்தப்பா தலைமேல். அவருடைய ஒரு கை காயில், மறு கை என் கையில். எங்கே பார்த்தாலும் பொரி, வாழைக்கன்று, மாலைக் கடை. ஒரு லாரி ஷெட்டில் காயைக் கொடுத்தோம். பேரம் பேசியது முழுக்க நான். எனக்குத் தலைகால் புரியவில்லை. காசை இடுப்பில் முடிந்துகொண்டு திரும்பினால், ஒரு சந்து முனையில் அந்தக் கூட்டாளிகள் நின்றிருந்தார்கள்.

"வா மாமா, பூஜ நாளு. ஒரு வாய்தான்" என்று ஒருத்தன் தோளில் கை போட்டான்.

சித்தப்பா நின்றுவிட்டார். சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. சந்துக்குள் ஒரு முறை பார்த்தார். பிடித்திருந்த என் கையை அப்போது நெரித்தார் பாருங்கள், எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது.

"விடு சித்தப்பா, வலிக்குது! நான் இன்னா கொழந்தையா, தொலஞ்சி பூடுவேனா?"

கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் என் கையை விடவில்லை. வியாபாரம் முடித்து வருகிற ஆளை நடுத்தெருவில் கைப்பிள்ளை மாதிரி இழுத்துக்கொண்டு போனால் மானம் என்ன ஆவது? பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் விடவில்லை.

வந்த வேகத்தில் அப்பாவிடம் முறையிட்டேன். சிவந்து வீங்கிய விரல்களை நீட்டினேன். "பாரு, உன் தம்பி பண்ண வேலைய!" அப்பா என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சந்து முனையில் அவனுங்க இன்னா சொன்னானுங்க, சித்தப்பா இன்னா சொன்னாரு, அப்புறம் எங்கயும் நிக்கலியா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பியை ஒரு வார்த்தை திட்டினாரா? இல்லை. வீங்கிய என் விரல்களை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நொந்தது என் கை. திட்டு வாங்க வேண்டிய ஆளோ கொட்டாயில் குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார். இந்த வீட்டில் எனக்கு நியாயமே கிடைக்காது என்று, அம்மா எத்தனை முறை கூப்பிட்டும் போகாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.