‘ஆச்சுங்க’ என்றொரு பதில்

பசியை ஒழிக்க இளம் தலைவர்களை உருவாக்கும் ஃபெல்லோஷிப்பில் எனக்கு இடம் கிடைத்ததும், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டில் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, “எந்தக் கட்சி?” கட்சியெல்லாம் இல்லை, உணவுப் பாதுகாப்பு பற்றிய பயிற்சி என்றேன். “அப்போ குடோன் வாட்ச்மேன் வேலையா?” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் கேட்டதில் பெரிய தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்த வயதில் என்னைத் தலைவி என்று யாராவது சொன்னால் நானே நம்பிவிடுவேன். அவ்வளவு விவரம்தான் இருந்தது எனக்கு.

பயிற்சி முடிந்து என்னைத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு விசைத்தறி லைனுக்கு அனுப்பினார்கள். லைன் என்றால் தறிப்பட்டறையை ஒட்டி வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். ஆண்கள் தறி ஓட்டுவார்கள், பெண்கள் தார் சுற்றுவார்கள். தறிக்குப் போகும் நூலைச் சிறு குச்சிகளில் சுற்றித் தருவதுதான் அந்த வேலை. எட்டு மணிக்குப் பட்டறைக்குள் போனால் மத்தியானம்தான் வெளியே வருவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு கிடைத்துவிடும். அம்மாக்களுக்கு?

அதைக் கண்டுபிடிக்கத்தான் நான் போனேன். பெண்களே சமைத்துப் பெண்களே சாப்பிடும் காலைச் சமையற்கூடம் ஒன்றை எங்கள் திட்டத்தில் ஏதாவது ஓர் ஊரில் தொடங்கலாம். தேவை எங்கே அதிகமோ அங்கே. அதை என்னைப் போன்றவர்கள் கொண்டுவரும் படிவங்கள் முடிவு செய்யும். படிவத்தின் முதல் கேள்வி, ‘இன்று காலை சாப்பிட்டீர்களா?’

நான் அதை மேடைத் தமிழில் கேட்பேனா? நம் ஊர்ப் பேச்சிலேயே கேட்டேன். அவர்கள் வேலைக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு வாசலிலும் நின்று, “சாப்டாச்சுங்களா?”

“ஆச்சுங்க.”

அடுத்த வீடு. “ஆச்சுங்க.” அதற்கடுத்த வீடு. “ஆச்சுங்க மேடம், நீங்க?” கடைசி வீடு வரை ஆச்சு ஆச்சு என்று டிக் அடித்துக்கொண்டே போனேன். ஒரே காலையில் லைன் முழுவதையும் முடித்துவிட்ட பெருமையோடு பஸ் ஏறினேன்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். “நல்ல செய்திதான். இங்கே எல்லாரும் சாப்பிடறாங்க. அப்போ கிச்சன் வேற ஊருக்குப் போகட்டும்” என்றார். பட்டறையில் நூல் அறுந்தால் எடுத்து முடிச்சுப் போடக்கூட முடியாமல் கை நடுங்கிய ஒரு பெண்ணை நான் பார்த்திருந்தேன். அவளும் ஆச்சுங்க என்றுதான் சொல்லியிருந்தாள். எங்கோ உதைத்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்று கெஞ்சிவிட்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அவசரத்தில் அம்மா சுட்ட தோசையைத் தொடவில்லை. லைனில் இறங்கியதும் எதிரே வந்தவள் அந்தக் கை நடுங்கிய பெண்ணேதான். என் வயதுதான் இருக்கும், இடுப்பில் ஒரு குழந்தை. அவள் முந்திக்கொண்டாள்.

“வாங்க மேடம். சாப்டாச்சுங்களா?”

“ஆச்சுங்க.”

யோசித்துச் சொன்னதல்ல. தும்மினால் கண் மூடுமே, அப்படி வந்துவிட்டது.

“என்ன கொழம்பு?”

குழம்பு என்னவென்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய்க்கு முன்னால் வயிறு பேசிவிட்டது. கொரகொரவென்று நீளமாக ஒரு சத்தம். இடுப்பிலிருந்த குழந்தை என் வயிற்றையே உற்றுப் பார்த்தது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்துகொண்டன.

“ஏனுங்க மேடம், பொய்யிங்களா?”

“நீங்க மட்டும்?” என்றேன். எனக்கு வெட்கம் வந்தால் கூடவே கோபமும் வரும்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “நானும்தானுங்க. வாசல்ல நின்னுட்டு ஒருத்தர் கேக்கறப்ப இல்லீங்கன்னு சொன்னா, எனக்குச் சோறு போடுங்கன்னு கேட்ட மாதிரி ஆயிராதுங்களா?”

நான் கேட்டது கேள்வியே இல்லை, வணக்கம். வணக்கத்துக்கு யார் உண்மை சொல்வார்கள்? சொந்த ஊர்ப் பேச்சிலேயே இப்படித் தடுக்கி விழுந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

அன்று படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வேண்டுமென்றே பட்டினியாகப் போனேன். யார் கேட்டாலும், “இன்னும் இல்லீங்க, பசிக்குது” என்றேன். பிறகு, “உங்க ஊட்டுல என்ன கொழம்பு?” என்பேன்.

“கொழம்பா? டீயும் வருக்கியும்தானுங்க.”

“நேத்துச் சோறு கொஞ்சம் இருந்துச்சு, புள்ளைக்கு ஊட்டிட்டேன்.”

“மத்தியானம் பாத்துக்கலாமுன்னு உட்டுட்டனுங்க.”

நான் முதலில் இல்லை என்று சொன்ன பிறகு அவர்களுக்கு இல்லை என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒருங்கிணைப்பாளரிடம் புதுப் படிவங்களை நீட்டினேன். சாப்பிட்டீர்களா என்ற கேள்வியை அடித்துவிட்டு, மேலே பேனாவால் ‘என்ன குழம்பு?’ என்று எழுதியிருந்தேன். அவர் எல்லாப் பதிலையும் படித்தார். பிறகு, “கிச்சன் அங்கேயே வரட்டும்” என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சமையற்கூடம் தொடங்கிய காலை பஸ் தாமதமாகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது முதல் பந்தி முடிந்திருந்தது. அந்தப் பெண்தான் எதிரே வந்தாள்.

“மேடம், சாப்டாச்சுங்களா?”

“ஆச்சுங்க” என்றேன். இந்த முறை சத்தியமான உண்மை. அம்மா விடவில்லை, ஐந்து இட்லி.

லைனே சிரித்தது. ஒருத்தரும் நம்பவில்லை. தேங்காய்ச் சட்னி, தக்காளிக் குழம்பு என்று விவரம் சொல்லியும் பலனில்லை. கையில் தட்டைத் திணித்து உட்கார வைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல், “நீங்க சாப்டீங்களா?” என்று அவளைத் திருப்பிக் கேட்டேன்.

அவள் ஆச்சுங்க என்று சொல்லவில்லை. வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். விரலில் ஒட்டிய குழம்பு இன்னும் காயவில்லை.